பாய் வண்டிகளை ஏற்றிச் செல்லும் டிரெயிலர்: அமைப்பும் பாரச் சமநிலையும்

ஒரு பொருளைச் செய்வது ஒரு கலை. செய்த பொருளை அது பயன்படும் இடத்திற்குச் சேதமின்றிக் கொண்டு சேர்ப்பது மற்றொரு கலை. இவ்விரண்டினுள் முன்னதற்கே நாம் பெரிதும் மதிப்பளிக்கிறோம். ஆயின், உழவுக் கருவி, விசைப்படகு, கிளைடர் விமானம் ஆகியவற்றைக் கையாள்பவர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு: பட்டறையில் ஒரு கீறலும் படாத பொருள் சாலையில் நொறுங்கிவிடக்கூடும், அதனினும் கொடிது, அது சாலையில் செல்வோர் உயிரையும் பறித்துவிடக்கூடும். ஆகவே, நீளம் மிகுந்து எடை குறைந்த பொருள்களை ஏற்றிச் செல்லும் டிரெயிலரின் அமைப்பினை இக்கட்டுரையில் ஆராய்வோம். எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது பாய் வண்டியை ஏற்றும் டிரெயிலர். இதில் கூறப்படும் விதிகள் உழவு டிராக்டரின் டிரெயிலருக்கும் பொருந்துவனவாகலின், கிராமப் பகுதிகளில் பணிபுரியும் களப்பணியாளருக்கும், பள்ளிகளில் இயந்திரவியல் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இது பயன்படும்.

பாய் வண்டி என்பது யாது?

காற்றின் விசையைப் பாயில் ஏற்று, சக்கரங்களின்மீது தரையில் ஓடும் ஊர்தியே பாய் வண்டி. சுமார் 1602-ஆம் ஆண்டில் சைமன் ஸ்டெவின் என்னும் கணித அறிஞர் ஹாலந்து நாட்டு இளவரசர் மாரிஸுக்காக இத்தகைய வண்டி ஒன்றை அமைத்து, ஷெவனிங்கன் கடற்கரையில் ஓட்டிக் காட்டினார். 1898-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு டி பான் கடற்கரையில் டூமோன் சகோதரர்கள் இதனை விளையாட்டாக வளர்த்தனர். 1967-இல் பிரெஞ்சுப் படையதிகாரி ழான் டு பூஷேயின் முயற்சியால் அல்ஜீரியாவின் கொலோம்-பெஷாரிலிருந்து மோரித்தானியாவின் நுவாக்சோட் வரை, சகாராப் பாலைவனத்தின் குறுக்கே சுமார் 2,700 கிலோமீட்டர் தூரம் பாய் வண்டிப் பந்தயம் நடைபெற்றது. 2022 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் கெயிர்ட்னர் உப்பேரியில் கிளென் ஆஷ்பி மணிக்கு 222.43 கிலோமீட்டர் வேகத்தை எய்தினார். அவ்வண்டி நியூசிலாந்தில் கட்டப்பட்டது. காற்றினால் மட்டுமே ஓடும் உலகின் மிக விரைவான வண்டியும், தன் களத்தை அடைவதற்கு வேறொன்றின் முதுகில் ஏறிச் செல்ல வேண்டியிருந்தது என்பது கருதத் தக்கது.

இன்று பந்தயங்களில் ஓடும் வண்டி பெரும்பாலும் மூன்று சக்கரமுடையது. முன்புறம் திருப்பும் சக்கரம் ஒன்று. பின்புறம் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளிலும் சக்கரம் ஒவ்வொன்று. உடல் கண்ணாடியிழையாலோ உலோகக் குழாயாலோ ஆனது. மூன்றாம் வகுப்பு வண்டியின் பாய்ப் பரப்பு பாய்மரம் உட்பட 7.35 சதுர மீட்டர். ஐந்தாம் வகுப்பின் பரப்பு 5.5 சதுர மீட்டர். காற்று கவிழ்த்துவிடாதிருக்கும் பொருட்டுப் பின்சக்கரங்கள் மிக அகன்று நிற்கின்றன. மூன்றாம் வகுப்பு வண்டியில் இவ்வகலம் மூன்று மீட்டருக்கும் மேற்படும். களத்தில் வண்டியைக் காக்கும் இந்த அகலமே சாலையில் அதற்குத் தடையாகிறது. இந்தியச் சாலைகளில் மோட்டார் வாகனத்தின் மொத்த அகலம் 2.6 மீட்டருக்கு மேற்படலாகாது. ஆகவே குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, டிரெயிலரின்மீது நீளவாட்டில் வைத்தே கொண்டு செல்லுதல் வேண்டும். இவ்வில்லங்கத்திலிருந்து தப்பும் வழியையும் சிலர் கண்டனர். 1999-இல் நியூசிலாந்தில் தோன்றிய புளோகார்ட் என்னும் சிறு வண்டி, மடக்கிப் பையில் வைத்துக் காரின் பின்புறத்தில் கொண்டு செல்லத் தக்கது. அதற்கு டிரெயிலரே வேண்டுவதில்லை.

நம் நாட்டு அனுபவம்: கிளைடர்

பாய் வண்டி விளையாட்டு நம் நாட்டில் வேரூன்றவில்லை. ஆயினும், அதனை ஒத்த பொருள் ஒன்றை ஏற்றிச் செல்லும் அனுபவம் நமக்கு உண்டு. அது கிளைடர் என்னும் எஞ்சினற்ற விமானம். புது டில்லியில் மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப நிலையத்தில் எஸ். ராமாமிர்தம் முதலிய பொறியாளர்கள் கிளைடர்களை வடிவமைத்தனர். 1958-இல் அசுவினி பறந்தது, 1961-இல் ரோகிணி, 1963-இல் கார்த்திக். பரணி, மிருகசீர், ஆர்த்ரா என நட்சத்திரப் பெயர்களே பின்வந்த கிளைடர்களுக்கும் சூட்டப்பட்டன.

இவற்றுள் கார்த்திக்கின் இறக்கை விரிவு 15 மீட்டர். மேலெழும் காற்று கிட்டாவிடின் கிளைடர் ஏதேனும் ஒரு வயலில் இறங்க நேரிடும். அங்கிருந்து அது பறந்து திரும்ப இயலாது. இறக்கைகளைக் கழற்றி, உடலோடு சேர்த்து நீண்ட டிரெயிலரில் அடுக்கிச் சாலைவழியே கொண்டு வருதல் வேண்டும். இறக்கை இரு பாதிகளாகப் பிரிந்தாலும் ஒவ்வொரு பாதியும் ஏழரை மீட்டர் நீளம்! நீளம் மிகுதி, எடை குறைவு, மேற்பரப்பு மென்மை, பக்கக் காற்றுக்கு இலக்காகும் பரப்பு பெரிது ஆகிய நான்கு இயல்புகளும் கிளைடருக்கும் பாய் வண்டிக்கும் பொது. எனவே, ஒன்றின் டிரெயிலருக்குரிய விதிகள் மற்றதற்கும் பொருந்தும்.

அளவு எடுத்தல்

டிரெயிலர் கட்டுவோர் முதலில் இரும்பை அறுக்கத் தொடங்கலாகாது. முதலில் எடுக்க வேண்டியது அளவு நாடா. ஏற்ற வேண்டிய பொருள்களைக் கழற்றித் தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் நீளம், அகலம், உயரம், எடை ஆகியவற்றை அட்டவணையாக எழுதிக் கொள்க. பின்னர் அவற்றைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்த செவ்வகத்தினுள் அடுக்கிப் பார்க்க. மிக நீண்ட பொருள் பாய்மரமே. அது இரு துண்டாகப் பிரியுமாயின் டிரெயிலரின் தளத்தினுள் அடங்கிவிடும். பிரியாதாயின், பின்புறம் துருத்திக் கொண்டிருக்க விடுவதினும், தளத்தையோ முன்சட்டத்தையோ நீட்டி அமைத்தலே நன்று. லாரிகளின் பின்னால் நீட்டிக் கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகள் நம் சாலைகளில் எத்தனையோ உயிர்களை மாய்த்துள்ளன. பாய்மரமும் அத்தகைய கம்பியே.

எடுத்துக்காட்டுக்காக, பின்வரும் அளவுகளை மேற்கொள்வோம். தளத்தின் நீளம் 4 மீட்டர். தளத்தின் முன்முனையிலிருந்து இணைப்பு வரை 1 மீட்டர். டிரெயிலரின் வெற்று எடை 120 கிலோகிராம். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்படும் இரு பாய் வண்டிகள், வண்டிக்கு 100 கிலோகிராம். மாற்றுச் சக்கரம், கருவிப் பெட்டி ஆகியவற்றின் எடை 30 கிலோகிராம். மொத்தம் 350 கிலோகிராம்.

முன்பாரமும் பின்பாரமும்

டிரெயிலர் இயலின் உயிர்நிலையான விதியை நம் நாட்டு மாட்டு வண்டிக்காரர் நெடுங்காலமாக அறிவர். இரு சக்கர வண்டியில் மூட்டை அடுக்குபவர், அடுக்கி முடித்தபின் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்க்கிறார். சுமை அச்சுக்கு முன்னால் மிகுந்திருப்பின் அது முன்பாரம். நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். சுமை அச்சுக்குப் பின்னால் மிகுந்திருப்பின் அது பின்பாரம்; நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். வேண்டுவது சிறிதளவு முன்பாரம். இழுப்பது மாடாயினும் மோட்டாராயினும் இவ்விதியில் மாற்றமில்லை. ஆகவே டிரெயிலரின் முன்சட்டத்தையும் இக்கட்டுரையில் ஏர்க்கால் என்றே குறிப்பிடுவோம்.

எவ்வளவு முன்பாரம் வேண்டும்? ஐரோப்பிய நடைமுறையில் மொத்த எடையில் சுமார் 5 முதல் 7 சதவிகிதம் வரை கொள்ளப்படுகிறது. அமெரிக்க நடைமுறையில் 10 முதல் 15 சதவிகிதம் வரை கொள்வர். இழுக்கும் வாகனத்தின் இணைப்பு தாங்கத்தக்க வரம்புக்கு இது மேற்படலாகாது. நம் எடுத்துக்காட்டில் 7 சதவிகிதம் எனக் கொள்வோம். 350 கிலோகிராமில் இது 24.5 கிலோகிராம்.

இதனை அடைய அச்சினை எங்கே பொருத்துவது? நெம்புகோல் விதியே இதற்கு விடையளிக்கிறது. எடை மையம் அச்சுக்கு முன்னால் உள்ள தூரத்தை, இணைப்பிலிருந்து அச்சு வரையுள்ள தூரத்தால் வகுத்தால், முன்பாரத்தின் விகிதம் கிட்டும். இணைப்பிலிருந்து 3.2 மீட்டரில் அச்சு அமைந்ததாகக் கொண்டால், 3.2 மீட்டரில் 7 சதவிகிதம் 22 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அஃதாவது, சுமையேற்றிய டிரெயிலரின் எடை மையம் அச்சுக்கு முன்னால் ஏறக்குறைய 22 சென்டிமீட்டரில் நிற்றல் வேண்டும். தளத்தின் நடுப்புள்ளி இணைப்பிலிருந்து 3 மீட்டரில், அதாவது அச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. சுமையைச் சீராகப் பரப்பினால் தேவையான முன்பாரத்தை ஏறத்தாழ அடைந்துவிடுவோம். ஏர்க்காலின் எடை எஞ்சியதை நிரப்பும்.

இனி, களத்தில் நேரும் ஒரு சிறு மாற்றத்தின் விளைவைக் காண்க. 30 கிலோகிராம் எடையுள்ள மாற்றுச் சக்கரமும் கருவிப் பெட்டியும் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் இருந்தன. திரும்பும்போது, எடுப்பதற்கு எளிதென்று கருதி, ஒருவர் அவற்றை அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் வைத்துவிட்டார். 30 கிலோகிராம் எடை 2.5 மீட்டர் பின்னே நகர்ந்தது. 30-ஐ 2.5-ஆல் பெருக்கி 3.2-ஆல் வகுக்க, 23.4 கிலோகிராம் முன்பாரம் குறைந்தது எனக் காண்கிறோம். 24.5 கிலோகிராமில் எஞ்சியது சுமார் 1 கிலோகிராம் மட்டுமே! போகும்போது பாதுகாப்பாயிருந்த டிரெயிலர், அதே சுமையோடு, அதே சாலையில், திரும்பும்போது ஆபத்தானதாகிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எவ்வித வேறுபாடும் தோன்றாது. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இடத்தைத் தளத்தில் வண்ணத்தால் எழுதி வைத்தல் வேண்டும்.

முன்பாரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சமதரையில் டிரெயிலரை நிறுத்தி, ஆள் எடை பார்க்கும் தராசின்மீது மரக்கட்டையை நிறுத்தி, இணைப்பின் உயரத்திலேயே ஏர்க்காலின் முனையை அதன்மீது இருத்துக. தராசு காட்டும் எடையில் கட்டையின் எடையைக் கழித்தால் முன்பாரம் கிட்டும்.

ஆட்டம் ஏன் நிகழ்கிறது?

முன்பாரம் குறைந்த டிரெயிலர் விரைந்து செல்லும்போது, பக்கக் காற்றோ பள்ளமோ அதனைச் சற்றே ஒதுக்கினால், அது நாய் வாலாட்டுவதுபோல் இருபுறமும் ஆடத் தொடங்குகிறது. அம்பின் வாலில் கட்டிய இறகு அம்பை நேராக்குவதுபோல, டிரெயிலரின் டயர்கள் தரையைப் பற்றி அதனை நேர்நிலைக்கு மீட்கின்றன. ஆயின், வேகம் கூடக்கூட ஆட்டத்தைத் தணிக்கும் ஆற்றல் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் ஆட்டம் தணிவதற்கு மாறாக வளர்கிறது. எடை பின்னால் மிகுந்திருப்பின் இவ்வேகம் தாழ்ந்துவிடும். மேலும், பின்பாரம் இழுக்கும் வாகனத்தின் பின்புறத்தைத் தூக்குவதால் அதன் பின்சக்கரங்களின் பிடிப்பும் தளர்கிறது.

எடை எங்கே குவிந்துள்ளது என்பதும் கருதத் தக்கது. கனமான பொருள்களை இரு முனைகளிலும் வைத்தால், முன்பாரம் சரியாக இருந்தாலும், தொடங்கிய ஆட்டம் எளிதில் அடங்காது. கனமானவை அச்சின் அருகே, தாழ்வாக இருத்தல் வேண்டும். இலேசானவையே முனைகளுக்கு உரியவை.

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஓட்டுநர் செய்ய வேண்டுவது யாது? விசையை மெல்லத் தளர்த்தி வேகம் தானே குறையுமாறு விடுதல் வேண்டும். திருப்புவட்டை நேராகப் பிடித்தல் வேண்டும். ஆட்டத்திற்கு எதிராகத் திருப்புவதும், திடீரென்று தடையை அழுத்துவதும், வேகத்தைக் கூட்டி நேராக்க முயல்வதும் கேடு விளைப்பன. பின்னர் வண்டியை ஓரமாக நிறுத்திச் சுமையை மாற்றி அடுக்காமல் பயணத்தைத் தொடரலாகாது.

சட்டம், வில், சக்கரம்

அடிச்சட்டத்திற்குப் பெட்டி வடிவக் குழாயோ, 'சி' வடிவ இரும்போ ஏற்றது. ஏர்க்கால் அடிச்சட்டத்தோடு சேரும் இடமே மிகுந்த வளைவிசைக்கு உள்ளாகும். அங்கே ஒரே குறுக்குக் கோட்டில் பற்றவைப்பு முடியுமாறு விடாது, ஏர்க்காலை அடிச்சட்டத்தின் கீழே அச்சு வரை நீட்டி, இரண்டு மூன்று இடங்களில் பிணைத்தல் நலம். பற்றவைப்பில் தோன்றும் மயிரிழை போன்ற விரிசலே பின்னர் ஏர்க்கால் முறிவதற்கு அடையாளம். ஆகவே அவ்விடத்தில் தடித்த தார்ப்பூச்சு பூசி விரிசலை மறைத்துவிடலாகாது.

பழைய ஜீப்பின் அச்சையும் வில்களையும் வாங்கிப் பொருத்துவது மலிவான வழி என்று பலர் எண்ணுவர். ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கவெனச் செய்த வில், 350 கிலோகிராமுக்கு வளைந்தே கொடுக்காது. பள்ளம்தோறும் டிரெயிலர் துள்ளும். அத்துள்ளல் முழுவதும் கண்ணாடியிழை உடலுக்குச் சென்று சேரும். டிரெயிலர் நொறுங்காது, ஏற்றிய பொருளே நொறுங்கும். வில்லின் வலிமை சுமைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்பதே விதி. மிகுந்த வலிமை எப்போதும் மிகுந்த பாதுகாப்பு ஆகாது.

சக்கரத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு நினைவிற் கொள்ளத் தக்கது. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள மாட்டு வண்டிச் சக்கரம், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்குச் சுமார் 14 முறை சுழல்கிறது. அரை மீட்டர் விட்டமுள்ள டிரெயிலர்ச் சக்கரமோ மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்குச் சுமார் 640 முறை சுழல்கிறது. வண்டிக்காரர் அவ்வப்போது மசகிட்டது போதுமானதாயிருந்தது. டிரெயிலரின் பேரிங்குகளுக்கு ஒவ்வொரு நீண்ட பயணத்திற்கு முன்னரும் கவனிப்பு வேண்டும். சிறிது தூரம் சென்றபின் நிறுத்திச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் கையால் எச்சரிக்கையோடு தொட்டுப் பார்க்க. ஒரு பக்கம் மட்டும் மிகச் சூடாயிருப்பின் அங்கே கோளாறு உண்டு.

இணைப்பு

காரோடு இணைக்கும் டிரெயிலர்களில் பந்து இணைப்பே பெருவழக்கு. உலகின் பல பகுதிகளில் பந்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். அமெரிக்க வழக்கிலோ இரண்டு அங்குலம், அஃதாவது 50.8 மில்லிமீட்டர், ஒன்றேமுக்கால் அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட 47.6 மில்லிமீட்டர் ஆகிய அளவுகளும் உண்டு. கண்ணால் பார்க்கின் இவை ஒன்றுபோலவே தோன்றும். சிறிய பந்தின்மீது பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்தால், சமதரையில் நன்றாகவே ஓடும்; பள்ளத்தில் துள்ளும்போது கழன்றுவிடும். ஆகவே பந்திலும் கிண்ணத்திலும் பொறித்துள்ள அளவைப் படித்துப் பார்த்தபின்னரே இணைத்தல் வேண்டும்.

இணைப்புக் கழன்றாலும் டிரெயிலர் பிரிந்து ஓடாதபடி இரு சங்கிலிகள் வேண்டும். அவற்றை ஏர்க்காலின் கீழே ஒன்றன்குறுக்கே ஒன்றாகப் பூட்டுக. அப்போதுதான் விழும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் சங்கிலிகளாலான தொட்டிலில் தங்கும். ஐரோப்பிய நாடுகளில் மொத்த எடை 750 கிலோகிராம் வரையுள்ள டிரெயிலர்களுக்குத் தனித் தடை கட்டாயமில்லை. எனினும், தடையற்ற டிரெயிலரின் முழு எடையையும் முன்வாகனத்தின் தடையே நிறுத்த வேண்டியிருப்பதால், முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளியை மிகுதிப்படுத்துதல் வேண்டும்.

சுமையைக் கட்டுதல்

பாய் வண்டியை அதன் சொந்தச் சக்கரங்களின்மேல் நிறுத்திக் கட்டலாகாது. டயர்கள் துள்ளத் துள்ளக் கட்டுகள் தளரும். உடலின் வடிவத்திற்கேற்பக் குடைந்து, தடித்த ரப்பரோ கம்பளமோ ஒட்டிய மரத் தாங்கிகளில் இருத்துக. தாங்கிகள் உடலின் உறுதியான பகுதிகளுக்கு நேர்கீழே அமைதல் வேண்டும்.

கட்டின் வலிமைக்கும் அளவு உண்டு. ஐரோப்பிய நியதிப்படி, சுமை முன்னோக்கி நகராதிருக்க அதன் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கங்களிலும் பின்னோக்கியும் நகராதிருக்க 0.5 பங்கு விசையையும் கட்டு தாங்குதல் வேண்டும். 100 கிலோகிராம் வண்டிக்கு இது முறையே 80, 50 கிலோகிராம் எடைக்குச் சமம். மேலிருந்து கீழாக அழுத்தும் கட்டு ஒன்று மட்டும் போதாது. முன்னும் பின்னும் சாய்வாக இழுக்கும் கட்டுகளும் வேண்டும். பருத்திக் கயிறு மழையில் நனைந்தால் சுருங்கி, உலர்ந்தபின் தளரும். நைலான் கயிறு நீளும். ஆகவே பல்சக்கரப் பூட்டுடன் கூடிய தட்டை வார்கள் சிறந்தவை. எக்கட்டாயினும், புறப்பட்ட சிறிது நேரத்தில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பார்த்தல் இன்றியமையாதது.

பாயினைச் சுருட்டித் தனி உறையிலிட்டு மூடுக. மூடாது விட்ட துணி காற்றில் படபடத்துக் கிழிவதோடு, பக்கக் காற்றின் விசையையும் பெருக்கும்.

திருப்பத்தில் உள்வாங்குதல்

நேர்சாலையில் முன்வாகனத்தின் தடத்திலேயே செல்லும் டிரெயிலர், திருப்பத்தில் அத்தடத்தை விட்டு உட்புறமாக வாங்குகிறது. எவ்வளவு வாங்கும் என்பதைப் பித்தாகரஸ் தேற்றத்தால் அறியலாம். இணைப்பு செல்லும் வட்டத்தின் ஆரத்தின் வர்க்கத்திலிருந்து, இணைப்பிலிருந்து அச்சு வரையுள்ள நீளத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் காண்க. அதுவே டிரெயிலர் அச்சு செல்லும் வட்டத்தின் ஆரம்.

டில்லியின் மந்திர் மார்க்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முன்னர் ரீடிங் சாலை என வழங்கிய இத்தெரு, 1939-இல் காந்தியடிகள் திறந்து வைத்த லட்சுமி நாராயணர் ஆலயத்தால் இப்பெயர் பெற்றது. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உட்படப் பல பள்ளிகள் இத்தெருவில் உள்ளன. பள்ளி விடும் நேரத்தில் இங்கே ஒரு டிரெயிலர் 8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புவதாகக் கொள்க. நமது 3.2 மீட்டர் நீளத்திற்கு, 64-இலிருந்து 10.24-ஐக் கழித்து மூலம் காண, 7.33 மீட்டர் கிட்டுகிறது. டிரெயிலர் உட்புறமாக வாங்குவது சுமார் 67 சென்டிமீட்டர். இணைப்பிலிருந்து அச்சு வரை 6 மீட்டர் நீளமுள்ள கிளைடர் டிரெயிலருக்கோ, 64-இலிருந்து 36-ஐக் கழித்து மூலம் காண, 5.29 மீட்டர்; உள்வாங்குவது 2.71 மீட்டர்! நீளம் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடியது. உள்வாங்கும் தூரமோ நான்கு மடங்காயிற்று. முன்வாகனம் தம்மைக் கடந்துவிட்டதென்று எண்ணித் திருப்பத்தின் உட்புறத்தில் காலெடுத்து வைக்கும் குழந்தைக்கு இக்கணக்கு தெரியாது. அது தெரிந்திருக்க வேண்டியவர் ஓட்டுநரே. நீண்ட டிரெயிலரைத் திருப்பும்போது ஒருவர் இறங்கி நின்று வழிகாட்டுதல் முறை.

விளக்கும் விதிகளும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வண்டியும் டிரெயிலர் என்னும் வரையறையுள் அடங்கும். அதற்கும் பதிவு வேண்டும். முன்வாகனத்தின் பதிவெண் டிரெயிலரின் பின்புறத்திலும் காணப்படுதல் வேண்டும். சொந்தமாகக் கட்ட எண்ணுவோர், கட்டத் தொடங்குமுன்னரே தம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தேவையான ஒப்புதல்களைக் கேட்டறிதல் நலம்.

பின்புறச் சிவப்பு விளக்குகள், நிறுத்த விளக்கு, திருப்ப விளக்குகள், ஒளி பிரதிபலிக்கும் சிவப்புத் தகடுகள் ஆகியன அலங்காரம் அல்ல. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெயிலர் விளக்கின்றி இரவில் நிற்பதும், பின்வருவோர் அதன்மீது மோதுவதும் நம் ஊர்ப்புறங்களில் அறியாத செய்தியன்று. மின்கம்பிகளைச் சட்டத்தின் உட்புறமாகச் செலுத்தி, பூமி இணைப்புக்குத் தனிக் கம்பி இடுக. துருப்பிடித்த இணைப்புப் பந்தின் வழியே மின்னோட்டம் திரும்புமென்று நம்பியிருப்பின், விளக்குகள் மினுங்கி அணையும். டிரெயிலரில் ஆட்களை ஏற்றுதல் அறவே கூடாது. சுமைக்காகக் கட்டிய தளம் மனிதர்க்குரிய இடமன்று.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர் பின்வரும் சோதனையைச் சிறு செலவில் செய்து காட்டலாம். ஒரு பலகையின் நடுவே ஓர் அச்சும் இரு சக்கரங்களும் பொருத்துக. முன்முனையில் ஒரு வளையத்தை ஆணியால் தளர்வாக மாட்டி, பொம்மை லாரியின் பின்புறத்தோடு இணைக்க. சிறு மணல் பையே சுமை.

முதலாவது, பையை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்து, சாய்வான நீண்ட பலகையின்மேல் லாரியை ஓடவிட்டு, இடைவழியில் டிரெயிலரின் வாலை விரலால் இலேசாகத் தட்டுக. ஆட்டம் சில அசைவுகளில் அடங்கும். அடுத்து, பையை அச்சுக்குப் பின்னால் வைத்து அதனையே செய்க. ஆட்டம் வளர்ந்து, பெரும்பாலும் லாரியையே புரட்டிவிடும். மாணவர்கள் பையின் இடத்தையும் அசைவுகளின் எண்ணிக்கையையும் அட்டவணையில் குறிக்கட்டும்.

இரண்டாவது, இணைப்பு முனையைச் சமையலறைத் தராசின்மீது வைத்து முன்பாரத்தை அளக்கட்டும். பலகையும் பையும் சேர்ந்து 800 கிராம், எடை மையம் அச்சுக்கு 2 சென்டிமீட்டர் முன்னால், இணைப்பிலிருந்து அச்சு வரை 25 சென்டிமீட்டர் எனில், கணக்கின்படி 64 கிராம் வருதல் வேண்டும். தராசு காட்டுவதோடு ஒப்பிடச் செய்க. கணக்கும் தராசும் ஒன்றையே கூறுவதை மாணவர் தம் கண்ணால் காணும்போது, நெம்புகோல் விதி பாடநூலைவிட்டு வெளியே வந்துவிடுகிறது.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை

1. பந்தும் கிண்ணமும் ஒரே அளவினவா? பூட்டு விழுந்ததா? ஏர்க்காலை மேல்நோக்கித் தூக்கிச் சோதிக்க.
2. சங்கிலிகள் குறுக்காகப் பூட்டப்பட்டனவா?
3. முன்பாரம் அளக்கப்பட்டதா? பொருள்கள் உரிய இடங்களில் உள்ளனவா?
4. டயர்களின் காற்றழுத்தம், சக்கர நட்டுகள், மாற்றுச் சக்கரம் சரியாக உள்ளனவா?
5. எல்லா விளக்குகளும் எரிகின்றனவா? ஒருவர் பின்னே நின்று பார்க்க, மற்றவர் இயக்குக.
6. கட்டுகள் முன், பின், பக்கம் ஆகிய எல்லாத் திசைகளிலும் இறுகியுள்ளனவா? துருத்தி நிற்பது ஏதேனும் உண்டா?

திரும்பும் பயணத்திற்கு முன்னரும் இவ்வாறையும் மீண்டும் பார்த்தல் வேண்டும். காலையில் நிதானமாக அடுக்கியவர் மாலையில் களைத்து, இருளுக்கு முன் வீடு சேர விரைகிறார். 30 கிலோகிராம் பெட்டி இடம் மாறுவது அப்போதுதான்.

பயிற்சி வினாக்கள்

1. நம் எடுத்துக்காட்டு டிரெயிலரில் முன்பாரம் 10 சதவிகிதமாக வேண்டுமெனில், எடை மையம் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருத்தல் வேண்டும்? (விடை: 32 சென்டிமீட்டர்.)
2. 8 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில், இணைப்பிலிருந்து அச்சு வரை 4.8 மீட்டர் நீளமுள்ள டிரெயிலர் எவ்வளவு உள்வாங்கும்? (விடை: 1.6 மீட்டர்.)
3. உங்கள் ஊரில் ஓடும் டிராக்டர் டிரெயிலர் ஒன்றைப் பார்வையிட்டு, மேற்கூறிய ஆறு குறிப்புகளுள் எவை கடைப்பிடிக்கப்படுகின்றன என எழுதுக. கடைப்பிடிக்கப்படாதவற்றை அதன் உரிமையாளருக்கு எடுத்துக் கூறுக.